மஞ்சள் ஒயர்

அந்தத் தொழிற்சாலையில் சாப்பிடுவதற்கு மூன்று இடங்கள் இருந்தன. அதிகாரிகளுக்கு ஏ.சி. அறை, மேசை விரிப்பு, பீங்கான் தட்டு. ஸ்டாஃப் என்று சொல்லப்பட்ட எழுத்தர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் மின்விசிறி அறை, எவர்சில்வர் தட்டு. மற்றவர்களுக்குத் தகரக் கூரை போட்ட கூடம், நசுங்கிப்போன அலுமினியத் தட்டு. மூன்று இடத்துக்கும் சாம்பார் ஒரே அண்டாவில்தான் கொதித்தது. அதை நானே பார்த்தேன். ஒரே ஆள், ஒரே கரண்டியால் மூன்று வாளிகளிலும் மொண்டு ஊற்றிவிட்டு, அதிகாரிகள் வாளியில் மட்டும் மேலாகக் கொஞ்சம் கொத்தமல்லி தூவினார். அந்தக் கொத்தமல்லியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிக்கும் காருக்கும் ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனி. ரப்பரோடு சேர்க்கிற கரித்தூள் அங்கே எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். வேப்பமரத்தின் இலைகூடக் கறுப்பு. நான் முகப்பேரில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்தேன். கம்பெனிகளுக்குப் போய்க் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அந்த வேலைக்கு வந்திருந்தேன். அம்மாவும் நானும் கொரட்டூரில் வாடகை வீட்டில் இருந்தோம். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்பூட்டருக்கு ஒயர் இழுக்குது" என்பாள் அம்மா. தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் செய்தேன்.

முதல் நாள் மதியமே அந்தக் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிட்டது. எங்கள் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியும் நானும் சேர்ந்துதான் போயிருந்தோம். அவர் டை கட்டியிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடத் தெரியாது அவருக்கு. நான் ரப்பர் செருப்பு, தோளில் கேபிள் சுருள், கையில் ஒயர் முனையை அழுத்திப் பூட்டுகிற கிரிம்பிங் கருவி. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்ற ஆள் அவரை ஏ.சி. அறைக்குள் கும்பிட்டு அனுப்பினான். என்னை மேலும் கீழும் பார்த்தான். செருப்பில் பார்வை நின்றது. "நீங்க அங்க போங்கம்மா" என்று மின்விசிறி அறையைக் காட்டினான். கூடத்துக்கு அனுப்பாமல் விட்டானே என்று நான் சந்தோஷப்பட வேண்டுமாம், அப்படி ஒரு சிரிப்பு வேறு சிரித்தான்.

எதற்காக எங்களைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஹப் என்கிற பெட்டிகள் வழியாக ஒரே வலையில் கிடந்தன. ஹப்புக்கு மூளை கிடையாது. ஒரு முனையில் வந்ததை மற்ற எல்லா முனைகளிலும் தள்ளிவிடும். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடுவதும் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். பத்து வீடு இருக்கிற தெருவில் அப்படிக் கூப்பிட்டால் பரவாயில்லை. ஊர் முழுக்க ஒரே தெருவாக இருந்து, எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் யார் காதில் எது விழும்? காலையில் எல்லோரும் மெஷினைப் போட்டதும் திரைகள் உறைந்துபோகும். ஆளாளுக்கு விசைப்பலகையைத் தட்டி உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஹப்புக்குப் பதிலாக நாங்கள் கொண்டுபோன பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பேர், அப்போது புதிதாக வந்திருந்த வகை. ஒரு தெருவுக்குள்ளேயே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குச் சாமானை நேராகக் கை மாற்றுவது ஒரு வேலை, அதற்குப் பிரிட்ஜிங் என்று பேர். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு, மேலே எழுதியிருக்கிற முகவரியைப் படித்து வழி பார்த்து அனுப்புவது இன்னொரு வேலை, அது ரவுட்டிங். அதுவரை இரண்டுக்கும் இரண்டு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இது இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்தது. எந்தெந்த முனைகள் ஒரே தெரு என்று நாம் சொல்லிக் கொடுத்தால் போதும். தெருவுக்குள் கை மாற்றும், தெருக்களுக்கு நடுவே வழி பார்க்கும், ஒரு தெருவின் கூச்சல் இன்னொரு தெருவுக்குப் போகாது. அந்தப் பெட்டி மேல் எனக்குக் கொள்ளை ஆசை. வீட்டுக்கு எடுத்துப்போய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

எந்த மெஷின் எதோடு அதிகம் பேசுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டேன். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவு மெஷின்களையும், அங்கிருக்கும் சூப்பர்வைசர் மெஷினையும், கலால் வரிக்கான எக்சைஸ் பில் போடுகிற அக்கவுண்ட்ஸ் அதிகாரியின் மெஷினையும் ஒரே குரூப்பில், அதாவது ஒரே தெருவில், வைத்தேன். சரக்கு லாரி வாசலைத் தாண்ட வேண்டுமானால் எக்சைஸ் பில் வேண்டும். அந்த பில் போடும் புரோகிராம் அதிகாரியின் மெஷினில் இருந்தது. டெஸ்பாட்ச்சில் உட்கார்ந்திருப்பவர் தன் மெஷினிலிருந்து அதைத் திறந்து விவரங்களை அடிக்க வேண்டும். அதனால் இவர்கள் மூவரும் சேர்ந்திருந்தாக வேண்டும்.

நிர்வாக மேலாளர் என் திட்டத்தைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் பேசத் தெரியாத மனிதர்.

"என்னம்மா இது? ஆபீசர் மெஷினையும் டெம்பரரி ஆளுங்க மெஷினையும் ஒரே குரூப்ல போட்டிருக்கே?"

"அவங்கதான் சார் அதிகமா பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"மெஷினுங்க சார். அந்த பில் புரோகிராம் வேற பழசு. ஒரே குரூப்ல இருந்தாத்தான் ஓடும்."

"அதெல்லாம் ஓடும். கேண்டீன்ல எப்படி வெச்சிருக்கோம், பார்த்தே இல்ல? மூணு. இங்கயும் அதே மாதிரி மூணு போடு. யாரு எங்க சாப்பிடறாங்களோ, அவங்க மெஷின் அந்த குரூப்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த எங்கள் டைக்காரரைப் பார்த்தேன். அந்த மனிதர் ஏதோ பெரிய ஞானம் கிடைத்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நல்ல ஐடியா சார், ரொம்ப கிளியரா இருக்கும்" என்றார். அந்தத் தலையைப் பிடித்துச் சுவரில் மோத வேண்டும் போலிருந்தது.

"கேபிளும் மூணு கலர்ல இருக்கணும். பார்த்தவுடனே எது எதுன்னு தெரியணும்" என்று முடித்தார் மேலாளர்.

கேபிள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். வழக்கமான கடையில் அன்றைக்கு நீலம், சாம்பல், மஞ்சள் மூன்றுதான் இருந்தன. மஞ்சள் யாரும் வாங்காமல் மூலையில் தூசியடைந்து கிடந்தது. நீலம் அதிகாரிகளுக்கு, சாம்பல் ஸ்டாஃபுக்கு, மஞ்சள் மற்றவர்களுக்கு என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்தேன். அதற்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளரே கிடையாது, அம்மாவுக்கு ஆகாது. அவள் பிறந்த கிராமத்து டீக்கடையில், நடவு நடப் போகிற எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாகக் கண்ணாடி டம்ளர் வைத்திருந்தார்களாம், அவர்களே கழுவி வைக்க வேண்டுமாம். கல்யாணமாகி, அப்பாவுக்குத் திருமழிசைப் பட்டறையில் வேலை கிடைத்து அந்த ஊரைவிட்டு வந்த அன்றே கண்ணாடி டம்ளரை விட்டவள். நான் சொன்னதைக் கேட்டதும், "கம்பூட்டருக்குமாடி?" என்றாள். தேய்க்கிற நாரைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்து, பாஸ் பண்ணி, அந்த டம்ளரை நானே ஆணியடித்து மாட்டப் போகிறேன்.

ஸ்விட்சை வைக்க அவர்கள் கொடுத்த இடம் அதிகாரிகள் கழிப்பறைக்கு ஒட்டிய ஓர் அறை. நடுச்சுவர் எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் யார் என்ன செய்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். உயர்ந்த மனிதர்களின் சத்தங்கள் எல்லோருடைய சத்தங்களையும் போலத்தான் இருந்தன. பெண்களுக்கான கழிப்பறையின் சாவி மேலாளர் அறையில் தொங்கும், கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. டெஸ்பாட்ச் கொட்டகைக்குப் பின்னால் பெண் தொழிலாளிகளுக்கென்று தாழ்ப்பாள் இல்லாத ஒன்று இருந்தது, அதற்குப் போனேன். அங்கேதான் ஒருத்தியோடு எனக்குப் பழக்கமாயிற்று. உள்ளே நான் இருந்தபோது வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் டெஸ்பாட்ச்சில் கம்ப்யூட்டர் அடிப்பவள். ஆவடியிலிருந்து வருவாள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார், ஓட்டாத நாட்களில் தூங்கினார். பல வருஷமாக அவள் டெம்பரரி. சில மாதங்களுக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுத்துக்கொள்வார்கள், தொடர்ந்து வேலை செய்ததாகக் கணக்கு வரக்கூடாதே! அடிக்கிற வேலை எழுத்தர் வேலைதான் என்றாலும் டெம்பரரி என்பதால் சாப்பாடு கூடத்தில், அலுமினியத் தட்டில். அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்த சூப்பர்வைசருக்கு மின்விசிறி அறை. என் ஒயர்களின்படி அவள் மஞ்சள், அவர் சாம்பல், அவர்கள் இருவரும் திறக்க வேண்டிய புரோகிராம் நீலம்.

நான் அவள் மேசைக்குக் கீழே படுத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து பேசினாள்.

"இந்த தபா பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகிறாங்கோ மேடம். வருசக் கணக்கு முடியறவரைக்கும் டெஸ்பாட்ச்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வரக்கூடாதாம். சூப்ரவைசரு சொன்னாரு."

"பர்மனென்ட் ஆனா சம்பளம் ஏறுமா?"

"சம்பளம் கெடக்கு மேடம். டெய்லி காலீல கேட்டாண்ட நிக்கணும், தெரியுமா? செக்யூரிட்டி பேர் கூப்டாத்தான் உள்ள வுடுவான். கூப்டலன்னா அப்டியே ஊட்டுக்குப் போவணும். மழைல நனைஞ்சிகினு நிப்போம், ஆடு மாட்டம். பேர் கூப்டாம ஒரு நாளு நேரா உள்ள பூந்து வரணும் மேடம். அவ்ளோதான் எனக்கு."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கம்பெனி வாசலில் நடந்து உள்ளே வருவது.

ஒரு திங்கட்கிழமை காலையில் புதிய ஸ்விட்சுக்கு எல்லோரையும் மாற்றினேன். நீல மெஷின்கள் தங்களுக்குள் பறந்தன. மேலாளர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். அவர் வாய் மூடுவதற்குள் டெஸ்பாட்ச்சிலிருந்து தொலைபேசி வந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது லாரிகள் சரக்கேற்றி நின்றன. டிரைவர்கள் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மெஷினிலிருந்து பில் புரோகிராம் திறக்கவில்லை, அப்படி ஒரு மெஷினே இல்லை என்றது திரை. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "இன்னாத்தையோ அமுக்கிட்டாய்யா இந்தப் பொம்பள! டெம்பரரிங்க கைல குடுத்தா இப்டித்தான்" என்றார். தன் மெஷினிலும் அது திறக்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணும் அமுக்கல மேடம். எப்பவும் போடற மாதிரிதான் போட்டேன்."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் சொல்லி எச்சரித்தது இதைத்தான். அந்த புரோகிராம் பேசுகிற பழைய பாஷையில் முகவரி என்பதே கிடையாது. பேரைச் சொல்லிக் கூப்பிடும், அவ்வளவுதான். எல்லோரும் ஒரே தெருவில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. இப்போது மூன்று தெருவாகிவிட்டது. தெருவைத் தாண்டுவதற்கு முகவரி வேண்டும். வெறும் பேர் மட்டும் எழுதிய கடுதாசியை வைத்துக்கொண்டு தபால்காரர் என்ன செய்வார்? பெட்டி அந்தக் கடுதாசிகளை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

இதை மேலாளரிடம் விளக்கினேன். தபால்காரர் உதாரணம்கூடச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் தன் மெஷினில் விவரத்தை அடித்து, ஃப்ளாப்பியில் போட்டு, அதிகாரிகள் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டியது. அங்கே அதை அதிகாரியின் மெஷினில் போட்டு பில் அச்சடிப்பார்கள்.

லட்சக்கணக்கில் கொட்டி ஸ்விட்ச் வாங்கிவிட்டு ஒரு பெண்ணைக் கையில் ஃப்ளாப்பியோடு ஓட வைத்தார்கள். அதிலும் உள்ளே போகக் கூடாது. கட்டட வாசலில் நின்று பியூனிடம் கொடுக்க வேண்டும். பியூன் டீ குடிக்கப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். பில் வரும்வரை அங்கேயே வெயிலில் நிற்க வேண்டும். ரப்பர் மோல்டிங் கொட்டகையைத் தாண்டி வருவதால் ஃப்ளாப்பியில் கரித்தூள் ஒட்டியிருக்கும். அந்த அக்கவுண்ட்ஸ் அதிகாரி அதை ஓர் ஓரத்தில் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்குவார். நான் பார்த்தேன். "கையைக் கழுவிட்டுக் குடுக்கச் சொல்லுப்பா" என்று பியூனிடம் சொன்னார். அவருக்கு அவ்வளவு மணக்கிற சம்பளம் வந்ததே அந்தக் கரித்தூளால்தான். 

ஃப்ளாப்பிகள் கெட்டன. பில்கள் தாமதமாயின. டிரைவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு தாமதத்தையும் அவள் பேரில் புகாராக மேலே சொன்னார்.

நான் மறுபடி மேலாளரிடம் போனேன். அந்த ஸ்விட்சிலேயே வழி இருந்தது. முகவரி உள்ள பேச்சை ரவுட்டிங் செய், முகவரி இல்லாத அந்த ஒரு பழைய பேச்சை மட்டும் மூன்று குரூப்புக்கும் நடுவே பிரிட்ஜிங் செய் என்று சொல்லிவைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்காகத்தான் அதை வாங்கியதே.

"அப்படிப் பண்ணா மூணும் ஒண்ணாயிடாது?"

"அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் சார். மத்ததெல்லாம் தனித்தனியாத்தான் இருக்கும்."

"ஒண்ணை உள்ள விட்டா எல்லாம் வந்துடும்மா. உனக்கு இந்த ஆளுங்களைப் பத்தித் தெரியாது."

'இந்த ஆளுங்க' என்று அவர் சொன்னபோது நான் அவருக்கு எதிரே நாற்காலி கொடுக்கப்படாமல் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து டைக்காரரிடம் புலம்பினேன். "கஸ்டமர் கேட்டதைச் செஞ்சாச்சு, நமக்கென்ன போச்சு?" என்றார். ஏ.சி. அறையில் சாப்பிட்டுவிட்டு வந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாள் கழித்து அவளைக் குழாயடியில் பார்த்தேன். கையில் இருந்த கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், எப்போதும் போலச் சிரிக்கவில்லை.

"சூப்ரவைசரு சொல்லிட்டாரு மேடம். இந்த வாரமும் இப்டியே போச்சுன்னா பர்மனென்ட் லிஸ்ட்டுல என் பேரு இல்லியாம். அடுத்த மாசம் நிறுத்திடுவாங்கோ. இத்தினி வருசமா நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு. உங்க பொட்டி வந்துச்சு, என் பொழப்பு போவுது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பெட்டி மேல் நான் வைத்திருந்த ஆசையெல்லாம் அங்கேயே புளித்துப்போனது. என் பெட்டியை இப்படி அசிங்கப்படுத்தி வைத்திருக்கிறார்களே என்று கோபம் பொங்கியது. இவர்களிடம் இனி அனுமதி கேட்பதில்லை என்று அந்தக் குழாயடியிலேயே முடிவு செய்தேன்.

அன்று மதியம், எல்லோரும் அவரவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த நேரத்தில், நான் சாப்பிடப் போகவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்விட்சோடு என் மெஷினை மாட்டினேன். செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். முகவரி உள்ளதுக்கு வழி பார், முகவரி இல்லாததை மூன்று பக்கமும் அப்படியே கை மாற்றிக் கொடு. இதைச் சில வரிகளில் அடித்தேன். நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நீண்ட ஏப்பம் விட்டுத் தண்ணீரைத் திறந்தார். நான் எண்டர் விசையை அழுத்தினேன்.

டெஸ்பாட்ச்சுக்கு ஓடினேன். அவள் கூடத்திலிருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, அடுத்த ஃப்ளாப்பியைக் கையில் எடுத்திருந்தாள்.

"அத்தக் கீழ வையி. மெஷின்ல தொறந்து பாரு" என்றேன். அவசரத்தில் எனக்கும் அவள் பேச்சே வந்துவிட்டது.

திறந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை. உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். வெளியே நின்ற லாரிகளின் பில்களை எல்லாம் மூச்சு விடாமல் அடித்தாள். அவள் அவ்வளவு வேகமாக அடிப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் நெஞ்சு நிறைந்துபோனது.

மேலாளர் வந்துவிட்டார். பில்கள் சரியாக வருவது அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன பண்ணே?"

"ஒரு இடத்துல லூஸ் காண்டாக்ட் சார்."

நேராக ஸ்விட்ச் அறைக்கு நடந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நீலம் ஒரு கட்டு, சாம்பல் ஒரு கட்டு, மஞ்சள் ஒரு கட்டு, நான் அழகாகக் கட்டி வைத்தபடியே இருந்தன.

"கலர் எதையும் மாத்தலையே?"

"இல்ல சார். அப்படியேதான் இருக்கு."

"அதான் முக்கியம்" என்றார். திருப்தியாகப் போய்விட்டார். மூன்று கட்டும் ஒரே பெட்டியின் முதுகில் போய்ச் செருகியிருந்ததை அவர் பார்த்தார், ஆனால் அதன் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அவர்கள் ஸ்விட்சைப் பராமரிக்கும் வேலையையும் எங்களுக்கே கொடுத்திருந்தார்கள். ஆனால் அதன்பின் ரொம்ப நாள் அங்கே போகும்படி ஆகவில்லை. பெட்டி ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்காலத்தில்தான், தூசி தட்டிச் சரிபார்க்க ஒருநாள் காலையில் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே டெம்பரரி ஆட்கள் கூட்டமாக நனைந்துகொண்டு நின்றார்கள். செக்யூரிட்டி குடைக்குள் இருந்துகொண்டு கத்தினான்.

"யோவ், மஞ்ச ஒயரெல்லாம் அப்பால நில்லு! வண்டி போறதுக்கு வழி வுடு!"

எனக்கு முதலில் புரியவில்லை. ஏதாவது கேபிள் அறுந்து கிடக்கிறதோ என்று தரையைப் பார்த்தேன். பிறகு கூட்டம் நகர்ந்தது. அந்தப் பேருக்குப் பழகிப்போன மாதிரி, முணுமுணுக்காமல் நகர்ந்தது. விசாரித்தபோது தெரிந்தது. டெம்பரரி ஆட்களுக்கு இப்போது அந்தக் கம்பெனியில் அதுதான் பேர். கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்கும், மோல்டிங்கில் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கும், பெருக்குகிறவர்களுக்கும் அதுவே பேர். மூலையில் தூசியடைந்து கிடந்தது என்பதற்காக நான் வாங்கி வந்த நிறம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.  அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

அவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. எனக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தாள், செக்யூரிட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், நேராக உள்ளே நடந்தாள். பர்மனென்ட் ஆகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் மனசு கொஞ்சம் ஆறியது, பொய் சொல்லக்கூடாது.

டெஸ்பாட்ச்சில் தன் இடத்துக்கு அழைத்துப்போனாள். ஸ்டாஃப் அறையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் எனக்கு டீ வந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின் புதிதாகப் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நரைத்த தலையோடு ஒருவர், ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். மூடிப்போன ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவராம். இங்கே டெம்பரரி. கேட்டில் நனைந்த சட்டை இன்னும் முதுகில் ஒட்டியிருந்தது.

"மேடம், ஒரு ஒத்தாச பண்ணணும் நீங்கோ" என்று குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஒயர மாத்திக் குடுங்கோ."

"ஏன், மெஷின் நிக்குதா?"

"மெஷினு நல்லா கீது. ஒயருதான். பர்மனென்ட் ஆயி இத்தினி நாளாச்சு, இன்னும் இந்த சூப்ரவைசரு 'இன்னா மஞ்ச ஒயரு, பில்லு ஆச்சா'ன்னு கூப்புடறான். எல்லாரும் சிரிக்கிறாங்கோ. நான் ஸ்டாஃபு மேடம். எனக்கு சாம்ப கலரு போடுங்கோ."

"கலர்ல ஒண்ணுமே இல்ல. உள்ள போனா எல்லாம் ஒரே பெட்டிதான். அன்னிக்கு உன் பில் தொறந்ததே எல்லாத்தையும் ஒண்ணா விட்டதாலதான்" என்று அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"உள்ள இன்னா கீதுன்னு யாரு மேடம் பாக்கறா? வெளிய தெரியறதுதான் பேரு" என்றாள்.

 பையில் சாம்பல் நிற ஒயர் ஒன்று இருந்தது. மேசைக்குக் கீழே குனிந்து, சுவர் சாக்கெட்டிலிருந்து மெஷினுக்கு வருகிற மஞ்சள் துண்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். ஸ்விட்சில் எதையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம் அந்தச் சாம்பல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டுப்புடவை பார்க்கிற முகம். பிறகு கழற்றிய மஞ்சள் ஒயரை எடுத்துத் தலைப்பால் கரி போகத் துடைத்து, வளையமாகச் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"இத்த அவருக்குப் போட்டுடுங்கோ."

அந்த மனிதரின் மெஷினைப் பார்த்தேன். யாரோ அவசரத்துக்குக் கையில் கிடைத்த நீல ஒயரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அவருக்குத்தான் நல்லா ஓடுதே" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"ஓடுது மேடம். ஆனா டெம்பரரி ஆளு, ஆபீசர் கலரு போட்டுகினு கீறாரே. நாங்கோ எத்தினி நாளு மஞ்சள்ல இருந்தோம்?"

நான் கையை நீட்டவில்லை. ஒயர் எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டியபடி இருந்தது. அப்போது அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். "குடும்மா, எதுக்கு வம்பு. நானே மாத்திக்கிறேன்" என்று அதை வாங்கிக்கொண்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்தார். நீலத்தைக் கழற்றினார். மஞ்சளை, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை, சரியாக அழுத்திச் செருகினார். திரையில் பில் முன்பு போலவே திறந்தது.

"இப்பத்தான் கரீட்டா கீது" என்றாள் அவள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், ஸ்டாஃப் அறையில் அன்றைக்கு வடையாம். பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கேண்டீன் பின்வாசலில் சாம்பாரை மூன்று வாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.